பாலியிலிருந்து லொம்போக்: விமானமா, ஸ்பீட் போட்டா, ஃபெர்ரியா?

வரைபடத்தில் இந்தோனேசியத் தீவுகளான பாலியும் லொம்போக்கும் பக்கத்து வீடுகள் மாதிரித் தெரியும். பாலியின் நகுரா ராய் விமான நிலையத்திலிருந்து லொம்போக் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால் விமானம் நேராகக் கிழக்கே போகிறது. வானில் அரை மணி நேரம்தான். டிக்கெட்டில் 40, 50 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். கடிகாரத்தையும் மாற்ற வேண்டாம், இரண்டு தீவுக்கும் ஒரே நேரம்.

அந்த அரை மணியை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். பாலியில் அறையைக் காலி செய்வதில் தொடங்கி, லொம்போக்கில் பையை இறக்கி வைக்கிற வரை கணக்குப் பாருங்கள். விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும், இறங்கியதும் பைக்குக் காத்திருக்க வேண்டும். 2011இல் திறந்த லொம்போக் விமான நிலையம் தீவின் நடுவில், பிராயா பக்கம் இருக்கிறது. தெற்கே மண்டாலிகா கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி, அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். மேற்குக் கரையில் உள்ள செங்கிகிக்கு என்றால் சாலையில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

அங்கேதான் ஸ்பீட் போட் முந்துகிறது. பாலியின் கிழக்குக் கரையில் படாங் பாய் துறைமுகம். அங்கிருந்து லொம்போக்கின் வடமேற்குக் கரையை ஒட்டிய சின்னஞ்சிறு கிலி தீவுகளுக்கும், அவற்றுக்கு எதிரே லொம்போக்கில் உள்ள பங்சால் துறைமுகத்துக்கும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கிலிக்குப் போகிறவர் விமானம் ஏறுவது வீண் சுற்று. பறந்து போய் இறங்கினாலும் காரில் பங்சால் வரை வந்து மறுபடி படகுதான் பிடிக்க வேண்டும்.

ஆனால் நடுவில் இருப்பது சாதாரணக் கடல் இல்லை. பசிபிக் நீர் இந்தியப் பெருங்கடலுக்குள் பாயும் வழிகளில் ஒன்று இந்த லொம்போக் நீரிணை. நீரோட்டம் பலமானது. பனியுகத்தில் கடல்மட்டம் 100 மீட்டருக்கு மேல் இறங்கியபோதுகூட இது வற்றவில்லை. பாலி ஜாவாவோடு நிலமாக ஒட்டியிருந்தது, லொம்போக் தனித்தே நின்றது. 1856இல் இங்கே வந்த ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸ், இத்தனை கிட்டத்தில் இருக்கும் இரண்டு தீவுகளில் பறவைகள் இவ்வளவு வேறுபடுவதைக் கண்டு வியந்தார். ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசினால் சிறிய படகுகள் தூக்கித் தூக்கிப் போடும், சில நாள் ரத்தும் ஆகும். கைக்குழந்தையோ முதுகு வலியோ இருந்தால் அந்த மாதங்களில் விமானம்தான் என் பரிந்துரை.

மூன்றாவது, படாங் பாயிலிருந்து லொம்போக்கின் லெம்பார் துறைமுகத்துக்குப் போகும் பெரிய ஃபெர்ரி. இரவு பகலாக ஓடுகிறது, நாலைந்து மணி நேரம் எடுக்கும். லாரி, பைக் எல்லாம் ஏறும். சொந்த வண்டியோடு போகிறவருக்கு இதுதான் வழி. மற்றவர்களுக்கு நாளே போய்விடும். என்றாலும் 2017 நவம்பரில் பாலியின் அகுங் எரிமலைச் சாம்பலால் பாலி விமான நிலையம் மூடியபோது, பாலியை விட்டு வெளியேறக் கைகொடுத்தது கடல் வழிதான்.

விமானம் என்று முடிவு செய்தால் இரண்டு விஷயம். பாலியிலும் ஒரு கூட்டா கடற்கரை, லொம்போக்கிலும் ஒரு கூட்டா. அறை பதிவு செய்யும்போது தீவின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், இடது பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் முதலில் அகுங், பிறகு லொம்போக்கின் 3,726 மீட்டர் உயர ரிஞ்சனி எரிமலை, இரண்டும் அந்தப் பக்கம்தான் வரும்.