வீட்டில் சோப்பு, க்ரீம் செய்பவர்களுக்கான காஸ்மெட்டிக் கெமிஸ்ட்ரி ஆன்லைன் வகுப்பு: சேர்ந்து படித்தவரின் விமர்சனம்

சோப்பு ஊற்றத் தெரியும், ரெசிபி கையில் இருந்தால் க்ரீமும் செய்துவிடலாம், ஆனால் அந்த ரெசிபியில் ஒரு பொருள் ஏன் இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. இந்த இடத்தில் நிற்பவர்கள் தாராளமாக இந்த வகுப்பில் சேரலாம். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் எழுதுகிறேன். வகுப்பின் பெயரைப் போடவில்லை. இதே பாடத்திட்டத்தில் இப்போது நிறைய வகுப்புகள் வந்துவிட்டன. எதில் சேர்ந்தாலும் எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த விமர்சனம் பயன்பட்டால் போதும்.

முதல் பாடத்திலேயே ஸ்பூன் கணக்கை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் எடையில், எல்லாம் சதவீதத்தில், கூட்டினால் 100 வர வேண்டும். ஒரு சாதாரண லோஷனை எடுத்துக்கொள்கிறார்கள்: தண்ணீர் 73.5, கிளிசரின் 4, எண்ணெய் 14, எமல்சிஃபையிங் வாக்ஸ் (தண்ணீரும் எண்ணெயும் பிரியாமல் சேர்த்து வைக்கும் எமல்சிஃபையர்) 5, செட்டைல் ஆல்கஹால் 2, ஜாந்தன் கம் 0.3, ப்ரிசர்வேடிவ் (கிருமி வளராமல் தடுக்கும் பொருள்) 1, வைட்டமின் ஈ 0.2. இதைச் செய்து காட்டுவதோடு ஆசிரியர் நிற்பதில்லை. ஒவ்வொரு வரியாகக் கைவைத்து, "இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கிறார். செட்டைல் ஆல்கஹாலை எடுத்தால் லோஷன் நீர்த்துப்போகும், தோலில் தடவும்போது வழவழப்பு குறையும். எமல்சிஃபையரை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தனியாக மேலே வந்து நிற்கும். வைட்டமின் ஈ இல்லாவிட்டால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஆனால் கிருமிகள் விஷயத்தில் எந்த மாற்றமும் இருக்காது, ஏனென்றால் வைட்டமின் ஈ ப்ரிசர்வேடிவே கிடையாது. இதை இன்னும் எத்தனையோ பேர் ப்ரிசர்வேடிவ் என்று நம்பித் தண்ணீர் கலந்த க்ரீமில் போட்டு மற்றவர்களுக்கும் கொடுக்கிறார்கள். அதனாலேயே இந்த ஒரு பாடத்தை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வகுப்பின் உயிரே ப்ரிசர்வேடிவ் பாடம்தான். சோடியம் பென்சோவேட் எல்லோரும் கேள்விப்பட்டது, சுலபமாகக் கிடைப்பது. அதை 0.5 சதவீதம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பொதுவாக நினைப்போம். ஆனால் கிருமியின் சுவரைத் தாண்டி உள்ளே போவது அதன் அமில வடிவமான பென்சோயிக் அமிலம்தான். உப்பு வடிவத்தில் இருக்கும் பென்சோவேட்டுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. எவ்வளவு பங்கு அமிலமாக இருக்கும் என்பதைக் கரைசலின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) முடிவு செய்கிறது. பிஎச் 4.2-இல் பாதிக்குப் பாதி. 5.2-க்கு ஏறினால் சுமார் 9 சதவீதம். 6.2-இல் வெறும் 1 சதவீதம். அதாவது பிஎச் 6-க்கு மேல் இருக்கும் லோஷனில் பென்சோவேட் போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. கலவை பார்க்க வெள்ளையாக, வாசனையாக இருக்கும். கிருமி பெருகுவது கண்ணுக்குத் தெரியாது.

இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டியபோது, அதுவரை படித்த ரெசிபிகளில் "கடைசியில் சிட்ரிக் அமிலம் ஒரு துளி" என்று ஏன் எழுதியிருந்தார்கள் என்பது எனக்குச் சட்டென்று புரிந்தது. பிஎச் மீட்டரைப் பயன்படுத்துவதையும் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள்: பிஎச் 4, 7 பஃபர்களில் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்களில்) மீட்டரைச் சரிபார்ப்பது, கெட்டியான க்ரீமை நேராக அளக்காமல் ஒரு பங்கு க்ரீமை ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலக்கி அளப்பது, அமிலம் சேர்த்த பின் மறுபடி அளப்பது. சோப்பையும் அளப்பவர்கள் பிஎச் 10 பஃபரும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதை இவர்கள் சொல்லவில்லை.

சோப்பு என்றதும்தான் எனக்கு வருத்தம். வகுப்பின் விளம்பரத்தில் சோப்புக்கு முதலிடம், பாடத்தில் கடைசி இடம். ஆசிரியர் க்ரீம் உலகத்தைச் சேர்ந்தவர் என்பது நன்றாகத் தெரிகிறது. சொன்ன கொஞ்சத்தை அருமையாகச் சொன்னார், அதையும் மறுக்க முடியாது. கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் கண்டறிந்ததில் ஆரம்பித்து, ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 0.183 கிராம் காஸ்டிக் சோடா (சோப்பு செய்பவர்கள் லை என்பது) வேண்டும், ஆலிவ் எண்ணெய்க்கு 0.135 போதும் என்பதற்குக் காரணம் வரை வந்தார். தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்ட லாரிக் அமிலம். அதன் சங்கிலி சிறியது. அதனால் அதே எடையில் மூலக்கூறுகள் அதிகம், அவற்றுக்கு லையும் அதிகம். சோப்பு கால்குலேட்டரில் எண்ணெயை மாற்றினால் லை அளவு ஏன் மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. "பிஎச் 5.5 உள்ள கைவினை சோப்பு" என்று விற்பவர்களுக்கும் அங்கே பதில் இருந்தது: உண்மையான சோப்பு பிஎச் 9, 10 வாக்கில்தான் இருக்கும். அமிலம் ஊற்றி இறக்கினால் சோப்பு உடைந்து மறுபடி கொழுப்பு அமிலமாகிவிடும்.

அப்புறம் அங்கேயே முடித்துவிட்டார்கள். க்யூரிங்கில் (உலர்ந்து பதப்பட விட்டு வைப்பதில்) கிடக்கும் கட்டிகளில் ஆரஞ்சுப் புள்ளி வருவது, எண்ணெய் கெடுவதை உலோக அயனிகள் எப்படித் தூண்டுகின்றன, அதைத் தடுக்க சோடியம் சிட்ரேட் எப்படி உதவுகிறது, எதுவும் கிடையாது. அந்த சிட்ரேட்டைப் பெற சிட்ரிக் அமிலத்தை லைக் கரைசலில் போட்டால் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 0.62 கிராம் காஸ்டிக் சோடாவைத் தின்றுவிடும், அந்த அளவு லையைக் கூடுதலாகச் சேர்க்காவிட்டால் சூப்பர்ஃபேட் (சோப்பாகாமல் மிஞ்சும் எண்ணெய்) ஏறிவிடும். சோப்பு செய்கிறவருக்கு அன்றாடம் தேவைப்படும் இந்தக் கணக்கு, சோப்புக்கென்று சொல்லி விற்கும் வகுப்பில் இருந்தே ஆக வேண்டும்.

எச்எல்பி (எமல்சிஃபையர் தண்ணீர்ப் பக்கம் சாய்கிறதா, எண்ணெய்ப் பக்கம் சாய்கிறதா என்று காட்டும் எண்) பற்றிய பாடம் சுமார். க்ரிஃபின் 1949-இல் முன்வைத்த முறை, எண்ணெய்க்குத் தேவையான எண், எமல்சிஃபையரின் எண் என்று கணக்கு போட வைக்கிறார்கள். இப்போது நாம் வாங்கும் ரெடிமேட் எமல்சிஃபையர்களுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. வேகமாகத் தாண்டிவிடலாம்.

பொருள் பட்டியல் எல்லாமே ஒரே விற்பனையாளரின் வணிகப் பெயர்களில் இருக்கிறது. வேறு இடத்தில் வாங்குபவர் என்ன செய்வார்? ஐஎன்சிஐ பெயரை (மூலப்பொருளுக்கு உலகம் முழுக்கப் பொதுவான பெயரை) பக்கத்தில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பெயர் இருந்தால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் மாற்றுப் பொருள் தேடலாம். எனக்கு இதுதான் பெரிய எரிச்சல்.

பரிசோதனைப் பாடத்தில் பாதி நன்று. 40 டிகிரி சூட்டில் மூன்று மாதம் வைத்துப் பார்ப்பது, ஃப்ரீசரில் உறைய வைத்து உருக விடுவது, நிறம், மணம், பிஎச் மூன்றையும் குறித்து வைப்பது, எல்லாம் வீட்டில் செய்யக்கூடியவை. கிருமிகளை வேண்டுமென்றே சேர்த்து 28 நாள் கவனிக்கும் சேலஞ்ச் டெஸ்ட் வீட்டில் முடியாது, லேபில்தான். அதை ஒரே ஸ்லைடில் முடித்துவிட்டார்கள். விற்க நினைப்பவர்களுக்கு அது கட்டாயம் என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

சந்தேகங்களுக்குப் பதில் தாமதமாக வருகிறது, வரும் பதில் தரமாக இருக்கிறது. நியாசினமைடையும் லாக்டிக் அமிலத்தையும் ஒரே சீரத்தில் போடலாமா என்று கேட்டேன். அமில பிஎச்-இல் நாளாக ஆக நியாசினமைடில் கொஞ்சம் நிகோடினிக் அமிலமாக மாறும், அது சிலருக்கு முகத்தைச் சிவக்க வைக்கும், ஆகவே இரண்டையும் தனித்தனிப் பாட்டிலில் செய்யுங்கள் என்று காரணத்தோடு எழுதியிருந்தார்கள்.

0.01 கிராம் வரை காட்டும் தராசு, பிஎச் மீட்டர், தெர்மாமீட்டர், ஸ்டிக் ப்ளெண்டர் இருந்தால் எல்லாப் பயிற்சியும் செய்யலாம். க்ரீம், லோஷன், சீரம் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். சோப்பு மட்டும் போதும் என்பவர்களுக்கு இரண்டரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. பணம் கட்டும் முன் அவர்களிடம் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்கி, சோப்புக்கு எத்தனை பாடம் என்று பார்த்துவிடுங்கள்.