டியூப் லைட்டுக்குக் கீழே நாற்று: மூன்று வருட அனுபவம்

சென்னையில் எங்கள் வீடு முதல் தளத்தில். ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர். மொட்டை மாடியில் தொட்டி வைக்க இடம் உண்டு. ஆனால் விதை போட்ட குழித்தட்டை (சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டு) அங்கே வைத்தால் அணிலும் புறாவும் ஒரு நாள்கூட விட்டுவைப்பதில்லை. அதனால் நாற்று விடுவது மட்டும் வீட்டுக்குள்.

2022 ஆடியில் பி.கே.எம். 1 ரகத் தக்காளியும் கத்தரியும் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். முளைப்பு நன்றாக இருந்தது. எட்டே நாளில் எல்லாம் நூல் மாதிரி நீண்டு, கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிட்டன. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "என்னடா இது, வெயிலே காணாத பிள்ளை மாதிரி வெளுத்துக் கிடக்கு" என்றார். திறந்த வெளியில் மேட்டுப்பாத்தியில் நாற்று விட்டே பழகியவர் அவர். இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

சத்துக் குறைவு என்று நினைத்து 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) கரைத்து ஊற்றினேன். அது தப்பு. வெளிச்சம் இல்லாத நாற்றுக்கு உரம் கொடுத்தால் தண்டு தடிப்பதில்லை, இன்னும் நீளத்தான் செய்கிறது. பிறகு வெளிச்சத்தைச் செல்போன் செயலியில் அளந்து பார்த்தேன்; அதன் அளவு லக்ஸ். நம் கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரிந்த அந்த ஜன்னலில் காலை பத்து மணிக்கு 1,500 லக்ஸ்தான். நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். செடி நிழலுக்குள் மாட்டிக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தை எட்டிப்பிடிக்க இருக்கிற சக்தியை எல்லாம் உயரத்தில் போடுகிறது. நம் ஊரின் வெப்பமான இரவுகளும் சேர்ந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும்.

முதலில் வாங்கியது ஊதா நிற எல்.இ.டி. விளக்கு. பெட்டியில் போட்டிருந்த வாட்டில் பாதி மின்சாரம்கூட அது உண்மையில் இழுக்கவில்லை. அந்த நிறத்தில் இலை மஞ்சளா பச்சையா என்றே தெரியாது. பூச்சி வந்தாலும் தெரியாது. ஒரு தட்டோடு அதை நிறுத்திவிட்டேன்.

அப்புறம்தான் சாதாரண 20 வாட், நாலடி, வெள்ளை வெளிச்சம் தரும் எல்.இ.டி. டியூப் இரண்டு வாங்கி, பழைய புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் பக்கத்துப் பக்கத்தில் கட்டினேன். இன்று வரை அதே டியூப்கள்தான். ஆனால் முதல் தட்டு நாற்று அதிலும் நீண்டது! காரணம், விளக்கு ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. சங்கிலியில் இறக்கி, இலை நுனிக்கு நான்கு விரல் உயரத்தில் நிறுத்தியதும் அடுத்த தட்டு குட்டையாக, கரும்பச்சையாக வந்தது. விளக்கை விட அது தொங்கும் உயரம்தான் முக்கியம் என்பேன். எல்.இ.டி. டியூபில் சூடு குறைவு, அதனால் இவ்வளவு கிட்டே வைத்தும் இலை கருகியதில்லை. செடி வளர வளர விளக்கை ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

தினமும் 14 மணி நேரம், டைமர் வைத்து. இரண்டு டியூபுக்கும் ஒரு நாளைக்கு 0.56 யூனிட். தக்காளி 25 நாளில் நடவுக்குத் தயாராகிவிடும் என்பதால் ஒரு தட்டுக்கு 14 யூனிட்தான் ஆகிறது. மிளகாய்க்கு 40 நாள் வரை போகும். முதல் டைமர் ஒன்றரை வருடத்தில் செத்துவிட்டது. நான் ஊரில் இருந்த நேரம் அது. இரண்டே நாள் இருட்டில் ஒரு தட்டு கத்தரி முழுவதும் நீண்டு விழுந்துவிட்டது. விளக்கை எப்போது போடுவது என்பதிலும் அதே கதைதான். முதல் முளை வளைந்து தலைகாட்டிய அன்றே போட்டுவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது.

டியூபுக்கு அடுத்தபடி பெரிய மாற்றம் தந்தது மேசை விசிறி. விசிறி இல்லாமல் வளர்த்த நாற்று பார்க்கக் குட்டையாக இருந்தாலும், மாடிக் காற்றில் முதல் நாளே மடங்கியது. தண்டு அசைந்தால்தான் செடி அதைத் தடிக்க வைக்கும். காலையும் மாலையும் இரண்டு மணி நேரம், குறைந்த வேகத்தில், இலை லேசாக ஆடுகிற அளவுக்கு. மேற்பரப்பு சீக்கிரம் காய்வதால் நாற்றழுகலும் (நாற்றின் அடித்தண்டு அழுகி விழும் நோய்) எனக்குக் குறைந்தது. ஆனால் தட்டில் நிரப்பும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வேகமாக உலர்கிறது. தட்டுக்கு அடியில் தண்ணீர் வைத்து உறிஞ்ச விடுவதே எனக்குச் சரிப்பட்டது.

ஏற்கெனவே நீண்டுவிட்டதா? தக்காளி என்றால் கவலை வேண்டாம். தண்டிலேயே வேர் விடும் செடி அது. முதல் இலைகள் வரை மண்ணுக்குள் போகுமாறு ஆழமாக நடுங்கள். கத்தரியையும் மிளகாயையும் அப்படி வைத்து இரண்டு தடவை தண்டு அழுகிப் போனது. அவற்றுக்கு ஈர்க்குச்சி முட்டு கொடுத்துக் காப்பாற்றலாம். விதை இருந்தால் மறுபடி போடுவதுதான் நல்லது.

மாடிக்குக் கொண்டுபோகும் முன் ஒரு வாரம் பழக்குகிறேன். முதல் நாள் காலை ஒன்பதுக்குள் ஒரு மணி நேர வெயில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவேன். 2023இல் அவசரப்பட்டு நண்பகலில் வைத்த தட்டில் இலையெல்லாம் ஒரே மதியத்தில் வெள்ளையாக வெந்துபோனது.

இப்போது அலமாரியில் சம்பா மிளகாய், 22ஆம் நாள். நான்கு இலை, சாய்வு இல்லை. இந்தத் தடவை டைமர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.