சுருட்டும் சனிக்கிழமை மாலையும்: சில ஆண்டு அனுபவம்

சுருட்டை விரும்பிப் புகைக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. கியூபா, நிகராகுவா, டொமினிக்கன் குடியரசு, நம் உறையூர் என்று பல ஊர்ச் சரக்கும் கைக்கு வந்து போயிருக்கிறது. எது சிறந்தது என்று யார் கேட்டாலும், யாருடன் உட்கார்ந்து புகைக்கப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். ரொபஸ்டோ என்ற அளவில் ஒரு சுருட்டு ஏறத்தாழ ஐந்து அங்குல நீளம், 50 ரிங் கேஜ் தடிமன், அதாவது ஓர் அங்குலத்தில் 64-இல் 50 பங்கு. பற்றவைத்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஓடும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். அதற்குமேல் வேகம் காட்டினால் சூடேறிக் கசந்துவிடும். ஆக, அந்த ஒரு மணி நேரமும் எதிரே இருப்பவருடன் பேசியாக வேண்டும். அல்லது பேசாமல் சேர்ந்திருக்கப் பழக வேண்டும். எனக்கு இந்தப் பழக்கத்தில் பிடித்ததே அதுதான்.

என் எதிரே உட்காருபவர் எங்கள் அடுக்ககத்தின் கடைசித் தளத்தில் இருக்கிறார். சரக்குக் கப்பல்களில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டோடு சேர்ந்த திறந்த மாடியில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் உண்டு. முதல் நாள் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, புகையை உள்ளே இழுக்காதீர்கள். வாயில் நிறுத்தி, நாக்கில் தெரிந்துகொண்டு வெளியே விட்டுவிடுங்கள். நுரையீரலுக்கு இதில் வேலையே இல்லை.” பற்றவைப்பதையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். சுருட்டின் நுனியைத் தீயில் தொடவிடாமல் சற்று மேலே பிடித்துச் சுழற்ற வேண்டும். விளிம்பு முழுக்கக் கறுத்து, நடுவில் செம்மை படர்ந்த பிறகே வாயில் வைக்க வேண்டும். நன்றாகச் சுருட்டப்பட்டதென்றால் சாம்பல் ஓர் அங்குலம்வரை உதிராமல் நிற்கும். அதைத் தட்டிவிடாமல் தானாக விழும்வரை விடுவதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

கியூபாவின் தலைநகர் ஹவானாவின் சுருட்டுப் பட்டறைகளைப் பற்றியும் அந்த நாற்காலியில் இருந்துதான் முதலில் கேட்டேன். அங்கே 1865 முதல், தொழிலாளர்கள் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் உயரமான இடத்தில் அமர்ந்து உரக்க வாசிக்கும் வழக்கம் இருந்து வருகிறது. செய்தித்தாள், பிறகு நாவல். அந்நாளில் வாசிப்பவருக்கான கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்தில் இருந்து கொடுத்தார்கள். நாங்கள் மாடியில் பேசிக் கழிக்கும் சுருட்டு, செய்யப்படும்போதே ஒரு குரலைக் கேட்டுக்கொண்டுதான் உருவாகியிருக்கிறது என்பதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

இனி, சென்னையில் இதைக் கட்டிக்காக்கும் கதைக்கு வருகிறேன். பாதி உழைப்பு இதில்தான் போகிறது. சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் 20 டிகிரியை ஒட்டிய வெப்பமும் வேண்டும். இங்கே ஐப்பசி மழையில் காற்றே நனைந்து கிடக்கும். சுருட்டில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். சித்திரையில் நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையில் வைத்தால் மேல் இலை வறண்டு வெடிக்கும். இரண்டையும்விடக் கொடியது புகையிலை வண்டு. பழுப்பு நிறத்தில், ஏறத்தாழ எள்ளளவே இருக்கும். இலையோடு வந்த முட்டை, வெப்பம் கூடினால் விரைவில் பொரித்துவிடும். கடை ஒன்றில் வாங்கிய பெட்டியைத் திறந்தபோது, மூன்று சுருட்டுகளில் குண்டூசியால் குத்தியதுபோல் துளைகள். அடியில் மாவாகப் புகையிலைத் தூள். ஏ.சி. இல்லாமல் கண்ணாடி அலமாரியில் அடுக்கி விற்றால் வேறென்ன நடக்கும்? வாங்குபவர் கொடுக்கும் பணத்துக்கு இது அநியாயம். அன்றிலிருந்து எங்கிருந்து வந்த சுருட்டானாலும் காற்றுப்புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் மூன்று நாள், பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அதன் பின்தான் பெட்டிக்குள்.

பெட்டி விஷயத்தில் என் தீர்ப்பு பலருக்குப் பிடிக்காது. சிடார் மரத்தில் செய்து, கண்ணாடி மூடி போட்ட ஹியூமிடர், அதாவது சுருட்டை ஈரப்பதம் குறையாமல் வைக்கும் பெட்டி, பார்க்க அழகு. ஆனால் மூடி வழியே காற்று கசிகிறது. நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவே மேல். அதற்குள் சிடார் பலகைத் துண்டு இரண்டும் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் போவேடா பொட்டலம் ஒன்றும் வைத்து, டப்பாவை ஒயின் குளிர்பெட்டியில் 19 டிகிரியில் வைத்திருக்கிறேன். ஈரப்பதமானி காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பாட்டில் மூடி ஒன்றில் கல் உப்பைப் பொடித்துப் போட்டு, சேறுபோல் ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் சொட்டுங்கள். அதையும் மானியையும் ஒரே பையில் காற்றுப்புகாமல் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் மானி 75 காட்ட வேண்டும். எத்தனை குறைகிறதோ, எத்தனை கூடுகிறதோ அதுதான் அதன் பிழை.

உடல்நலம் பற்றிச் சொல்லாமல் இதை எழுதக் கூடாது. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் உண்டு. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். அதனால் எனக்குச் சனிக்கிழமை ஒன்றுதான்; சில வாரங்களில் அதுவும் இல்லை. வாரநாளில் கை தேட ஆரம்பித்தால் நிறுத்திவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். புகைக்காதவர் யாராவது மாடிக்கு வந்தால் அன்று டப்பா திறக்கப்படுவதில்லை. வெறும் வயிற்றில் பற்றவைத்தால் நிகோடின் தலைக்கேறிக் குமட்டும். பக்கத்தில் பனைவெல்லம் ஒரு துண்டு எப்போதும் இருக்கும்.

ருசிக்கு வருவோம். கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்து இலையில் மண்வாசமும் ஒரு மெல்லிய இனிப்பும் உண்டு. நிகராகுவாவின் எஸ்தெலிச் சுருட்டு மிளகுக் காரத்தோடு தொடங்கும். விலைக்கும் ருசிக்கும் கணக்குப் பார்த்தால் நான் நிகராகுவாவின் பக்கம். பெரியவர் விட்டுக்கொடுக்க மாட்டார். ஹவானாவுக்கு ஈடில்லை என்பார். வெளிநாட்டில் இருந்து வருபவர் வரியில்லாமல் 25 சுருட்டுகள் கொண்டுவரலாம். ஹவானாப் பெட்டி பெரும்பாலும் 25 கொண்டதுதான். பழைய கப்பல் நண்பர் யாராவது வந்தால் அந்தப் பெட்டி மாடிக்கு வந்துசேரும். வாக்குவாதமும் மறுபடி ஆரம்பமாகும்.

உறையூர்ச் சுருட்டை இருவருமே பாதி மதிப்போடு நடத்தி வந்தோம். ஒருகாலத்தில் திருச்சியின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோன சரக்கு அது. இன்று பட்டறைகள் குறைந்துவிட்டன. புதிதாக வாங்கிப் பற்றவைத்தால் காட்டமாக மூக்கில் ஏறும், அம்மோனியா வாடையும் தெரியும். ஆனால் ஒரு கட்டு தவறுதலாக டப்பாவின் அடியில் தங்கி, அடுத்த மழைக்காலம் கடந்து கிடைத்தது. எடுத்துப் பற்றவைத்தோம். வாடை போயிருந்தது. காட்டம் தணிந்து, வறுத்த காப்பிக்கொட்டையின் கசப்பு மேலே வந்திருந்தது. பெரியவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இதை நாம் ஒழுங்காக வைத்துப் பார்க்கவே இல்லையே, தம்பி” என்றார்.

அடுத்த மாதம் அவர் திருச்சிக்குப் போகிறார். உறையூரில் நான்கு கட்டு வாங்கி வரும்படி பணம் கொடுத்திருக்கிறேன். இரண்டு கட்டை இப்போதே புகைப்பது, மற்ற இரண்டையும் தேதி எழுதி டப்பாவில் ஓர் ஆண்டு கிடக்கவிடுவது என்று முடிவு. அவற்றுக்கென்று தனி டப்பா வாங்கியாகிவிட்டது. காட்டமான இலையின் வாசம் மற்றவற்றில் ஏறிவிடக் கூடாது என்பது பெரியவரின் கண்டிப்பு.