ஏற்காட்டு ரிப்பீட்டரோடு ஏழு வருஷம்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று 5 வாட் ஹாம் ரேடியோ கைச்செட்டில் நேரடியாகப் பேசினால், ஊருக்குள்ளேயே இருக்கும் கொண்டலாம்பட்டி வரைக்கும் குரல் போவதே பெரிய விஷயம். அதே செட்டில் ஏற்காடு மலை மேல் எங்கள் குழு வைத்திருக்கும் ரிப்பீட்டர் (குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) வழியாகக் கூப்பிட்டால், ஈரோட்டில் காலைக் காபியோடு உட்கார்ந்திருக்கும் நண்பர் "ஃபைவ் நைன்" என்கிறார், அதாவது தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறதாம். ஏழு வருஷமாகக் கேட்கிறேன், இன்னும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை.

காரணம் உயரம்தான். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500. இந்த 1,200 மீட்டர் வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டால், தடையில்லாத திசையில் ரேடியோவின் அடிவானம் 140 கிலோமீட்டருக்குப் போகிறது. மலை மேல் இருக்கும் பெட்டி 2 மீட்டர் பேண்டில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஓர் அலைவரிசையில் நம்மைக் கேட்டு, அதே நொடியில் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொன்றில் திருப்பிச் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே ஆன்டெனாதான். தன் சத்தமே தன் காதை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது டூப்ளெக்சர் என்ற வடிகட்டி.

ஆரம்பத்தில் இரண்டு மாதம் எனக்கு யாருமே பதில் சொல்லவில்லை. எல்லோரும் பேசுவது தெளிவாகக் கேட்கும், நான் கூப்பிட்டால் மட்டும் மௌனம். செட் பழுது என்றே முடிவு கட்டிவிட்டேன். கடைசியில் மூத்த ஹாம் ஒருவருக்குப் போன் போட்டேன். "தம்பி, டோன் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். நம் குரலுக்கு அடியில் காதுக்குப் பிடிபடாத ஒரு தாழ்ந்த ஒலி சேர்ந்து போனால்தான் ரிப்பீட்டர் கதவைத் திறக்கும். மெனுவில் அதைப் போட்ட அடுத்த நிமிடமே மூன்று பேர் வரவேற்றார்கள். புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இந்தக் கேள்விதான்.

அடுத்தது ஆன்டெனாவிலிருந்து செட்டுக்கு வரும் கேபிள். கூடுதல் வாட் செட்டுக்குப் பணம் சேர்ப்பதை விட நல்ல கேபிளுக்குச் சேருங்கள். மாடியிலிருந்து கீழே அறை வரை 20 மீட்டருக்கு மெல்லிய ஆர்ஜி-58 ரகக் கேபிள் இழுத்திருந்தேன். 145 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிற சக்தியில் பாதிக்கு மேல் அந்தக் கேபிளிலேயே போய்விடுகிறது, 5 வாட்டில் ஆன்டெனாவுக்குச் சேர்வது 2 வாட்தான். தடித்த ஆர்ஜி-213-க்கு மாற்றியதும் என் குரலுக்குப் பின்னால் மற்றவர்களுக்குக் கேட்ட இரைச்சல் நின்றுபோனது.

எல்லா இடத்துக்கும் எட்டுமா என்றால், எட்டாது. கஞ்சமலைக்கு அந்தப் பக்கம் இளம்பிள்ளையில் தெருவுக்குத் தெரு மாறும், ஏனென்றால் நடுவில் மலையே நிற்கிறது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அப்படித்தான். ஒரு வளைவில் கண்ணாடி மாதிரி கேட்கும், அடுத்ததில் படபடவென்று வெட்டும். மலையடிவாரத்தில் இருப்பவர்களை விட 70 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும் நாட்கள் உண்டு.

ஒரு ஐப்பசி மழையில் உறவினர் எஸ்டேட்டில் தங்கியிருந்தோம். சாயங்காலம் பாதையில் மரம் விழுந்தது, கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போனது. வீட்டில் அம்மா தனியாக இருந்தார். கைச்செட்டை எடுத்து என் கால்சைனை (உரிமத்தோடு கிடைக்கும் அழைப்புக் குறி) சொல்லி ஒருமுறைதான் கூப்பிட்டேன். அஸ்தம்பட்டி நண்பர் உடனே எடுத்து, அம்மாவுக்குப் போன் செய்துவிட்டுத் திரும்பி வந்தார்: "அம்மா சாப்பிட்டாங்களாம். நீங்க காலையில பொறுமையா இறங்கி வாங்க, ஓவர்." ரிப்பீட்டர் அன்று பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பேட்டரியும் ஆன்டெனாவும் தாமாக நிற்பதில்லை. போன வருஷம் கோடை மழையில் இடி இறங்கி, ரிசீவரின் முன்பகுதி கருகிப் பதினொரு நாள் பேச்சு மூச்சு இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சரிசெய்தோம். அப்போது மேலே கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) கனெக்டரை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு, விரலில் ஈரம். ஏற்காட்டுப் பனிமூட்டம் எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். இப்போது ரப்பர் டேப்பை இழுத்துப் பிடித்து மூன்று அடுக்கு சுற்றுகிறோம்.

பேச வருபவர்கள் ஏஎஸ்ஓசி என்ற ஹாம் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்கிவிட்டு வாருங்கள், வியாபாரப் பேச்சுக்கு இங்கே இடமில்லை. பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், இல்லையென்றால் முதல் சொல் விழுங்கப்படும். ஒருவர் முடித்ததும் இரண்டு நொடி சும்மா இருங்கள். மழையில் மாட்டிக்கொண்ட யாராவது அந்த இடைவெளிக்காகக் காத்திருக்கலாம்.

சித்திரை இடி தொடங்குவதற்குள் எர்த்திங்கைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு மலை ஏறுகிறோம்.