ஷட்டில் வேனுக்கு மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், என் 11,400 ரூபாய் போய்விட்டது

இப்போதுதான் பெருங்குடியில் இருந்து வந்து உட்கார்ந்தேன். வெயிலில் அலைந்த தலைவலி, அதற்கு மேல் வயிற்றெரிச்சல். 11,400 ரூபாய். இரண்டு நாள் ஆறப்போட்டு நிதானமாக எழுதலாம் என்று வீட்டில் சொன்னார்கள், ஆறினால் எழுதவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், முக்கியமாகத் தாம்பரம், சேலையூர், மேடவாக்கத்தில் இருந்து போகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என்னென்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. போனில் சீட் புக் செய்தால் நம் நிறுத்தத்துக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்கிற ஷட்டில் ஆப், அவ்வளவுதான் சொல்வேன். இந்த மாதிரி ஆப் பல இருக்கின்றன, எல்லோரும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை.

எனக்கு வீடு கேம்ப் ரோடு பக்கம், வேலை சிறுசேரி சிப்காட்டில். சோழிங்கநல்லூர் வரை ஒரு பஸ், அங்கே இறங்கி 102 அல்லது 570. வெள்ளை போர்டு பஸ் வந்தால் 2021 மே மாதத்தில் இருந்து பெண்களான எங்களுக்கு டிக்கெட்டே கிடையாது, அது எங்கள் வீட்டு பட்ஜெட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும். தொல்லை எல்லாம் சாலையில்தான். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி பாதை ஓஎம்ஆர் வழியாக வருகிறது, மாதவரம்–சோழிங்கநல்லூர் பாதை மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாக வருகிறது, இரண்டும் வந்து சேருகிற இடம் சோழிங்கநல்லூர். நான் போகிற வழி முழுக்க அந்த வேலைதான். மெட்ரோ வரட்டும், நல்லபடியாக வரட்டும். ஆனால் இன்றைக்கு, ஒரு கையில் டிபன் கூடை, ஒரு கையில் கம்பி, ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருகிற உடம்பு எத்தனை நாள் தாங்கும்? மகளை டே கேரில் விட்டிருக்கிறேன், ஏழு மணிக்கு அவர்கள் பூட்டுவார்கள். 7.10க்கு ஓடிப்போய் நின்றால், எல்லாக் குழந்தையும் போன பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வாசப்படியில் உட்கார்ந்திருப்பாள்.

இந்த நிலைமையில்தான் பக்கத்து சீட்டில் வேலை பார்க்கிற பெண் அந்த ஆப்பைக் காட்டினாள். முதல் மூன்று நாளைக்குப் பயணம் ஒரு ரூபாய். சரி, ஒரு ரூபாய்தானே என்று போட்டேன். காலை 7.02க்கு கேம்ப் ரோட்டில் வெள்ளை வேன் வந்து நின்றது. டிரைவர் கையில் இருந்த போனில் என் பெயரைப் பார்த்து, "ஏறுங்கம்மா, ரெண்டாவது வரிசை ஜன்னல்" என்றார். ஏசி, சுத்தமான சீட் கவர். உட்கார்ந்து போனேன். உட்கார்ந்து போவதற்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாம் நாள் நான் வர இரண்டு நிமிடம் தாமதம், மழை வேறு, அந்த அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்திக் காத்திருந்தார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் நான் நம்பினேன். நான் நம்பியது அந்த அண்ணனை, பணம் போனது வேறு யாருக்கோ.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு போன். நல்ல தமிழ், சின்னப் பெண் குரல். "அக்கா, ட்ரையல் முடிஞ்சிருச்சு, எப்படிக்கா இருந்துச்சு?" என்று ஆரம்பித்து, குழந்தை எத்தனை வயது, டே கேர் எத்தனை மணி வரை என்று எல்லாம் கேட்டாள். மாதம் 4,200, மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் மாதத்துக்கு 3,800 கணக்கில் 11,400 மட்டும், ஜன்னல் சீட் ஃபிக்ஸ், 31ஆம் தேதியோடு ஆஃபர் முடிகிறது என்றாள். நாங்கள் பேசியது 30ஆம் தேதி. நான் ஒரு மாதம் கட்டிப் பார்க்கிறேனே என்றேன். "ஒரு மாசம் கட்டினா ஃபிக்ஸட் சீட் வராதுக்கா, அப்புறம் நீங்கதான் கஷ்டப்படுவீங்க, பாப்பா வேற காத்துட்டு இருப்பா" என்றாள். பாப்பா என்ற வார்த்தையைச் சொன்னதும் என் வாய் அடைத்துவிட்டது. சீட்டு எடுத்து மகளின் ஸ்கூல் டேர்ம் ஃபீஸுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணம் கணக்கில் இருந்தது. அன்று இரவே யூபிஐயில் பின் நம்பர் அடித்து 11,400 கட்டினேன். ஏசி பஸ்ஸில் போக எம்டிசி (சென்னை மாநகரப் பஸ்) மாத பாஸ் 2,000 ரூபாய், சாதாரண பாஸ் 1,000 ரூபாய். அந்தப் பணத்துக்குப் பதினொரு மாத பாஸ் எடுத்துக் கையில் 400 மிச்சம் இருந்திருக்கும், இதெல்லாம் இப்போது தோன்றுகிறது.

வேன் ஓடியது ஒன்பது நாள். அதிலும் ஒன்பதாம் நாள் சாயங்காலம் வரவில்லை. சிப்காட் கேட்டுக்கு வெளியே நானும் இன்னும் நாலு பேரும் நிற்கிறோம், மணி 5.40. ஆப்பில் மேப் காட்டுகிறது, வேன் நாவலூர் சிக்னல் பக்கத்தில் இருக்கிறது, 'நான்கு நிமிடத்தில் வந்துவிடும்.' 5.55க்குப் பார்த்தால் அதே நாவலூர், அதே நான்கு நிமிடம். 6.20க்கும் நான்கு நிமிடம். அந்தச் சின்ன நீலப் புள்ளி அசையவே இல்லை. 6.31க்கு ஒரு மெசேஜ், 'உங்கள் பயணம் முடிந்தது, எத்தனை ஸ்டார் தருவீர்கள்?' நான் இன்னும் கேட்டில் நிற்கிறேன்! ஓடிப்போய் ஒரு 102ஐப் பிடித்து, சோழிங்கநல்லூரில் பஸ் கிடைக்காமல் ஷேர் ஆட்டோ மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. டே கேர் ஆயா மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு போட்டிருந்தார்கள். அந்தம்மாவுக்கு நான் பட்ட கடன் இந்த 11,400ஐ விடப் பெரியது.

மறுநாள் காலை ஆப்பைத் திறந்தால் எங்கள் ரூட்டே இல்லை. 'செயல்பாட்டுக் காரணங்களால் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது.' எத்தனை நாளைக்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் அலைந்த கதையைக் கேளுங்கள். முதலில் ஆப்புக்குள் சாட். எது கேட்டாலும் 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், எங்கள் குழு 48 மணி நேரத்தில் தொடர்புகொள்ளும்.' 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால் என் புகாருக்கு நேரே 'தீர்க்கப்பட்டது' என்று பச்சை டிக். யாரும் கூப்பிடவே இல்லை, எதைத் தீர்த்தார்கள்? மறுபடி போட்டேன், மறுபடி பச்சை டிக். நான்கு தடவை. என்னிடம் பாப்பாவைப் பற்றி விசாரித்த அந்தப் பெண்ணின் நம்பருக்கு அடித்தால் ரிங் போய்க்கொண்டே இருக்கிறது. வீட்டுக்காரர் போனில் இருந்து அடித்தேன், எடுத்தாள். என் குரலைக் கேட்டதும், "மேடம், நான் சேல்ஸ் மட்டும்தான், ரீஃபண்டுக்கு மெயில் பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள். பணம் கட்டும் வரை அக்கா, கட்டின பிறகு மேடம்.

மெயிலுக்குப் பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. திட்டப் பணம் கையில் திருப்பித் தரப்பட மாட்டாது, மிச்சம் 9,932 ரூபாய் ஆப் வாலட்டில் பாயிண்ட்டாகச் சேர்க்கப்பட்டுவிட்டது, 60 நாளுக்குள் ஓடுகிற எந்த ரூட்டிலும் பயன்படுத்தலாமாம். ஓடுகிற ரூட் எதுவும் என் வீட்டுப் பக்கமும் இல்லை, ஆபீஸ் பக்கமும் இல்லை. மூன்று மாதத்துக்கு 132 பயணம், நான் போனது 17, ஆக 1,468 ரூபாய் கழித்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர்கூட, "சரி, உனக்கு நஷ்டம் 9,932தானே" என்றார். இல்லை. ஒன்பது நாள் மட்டும் ஓடும் என்று சொல்லியிருந்தால் நான் ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்க மாட்டேன். மூன்று மாதம் என்று சொல்லி வாங்கினார்கள். எனக்குப் போனது 11,400.

போன வாரம் கேம்ப் ரோடு சிக்னலில் அந்த டிரைவர் அண்ணனையே பார்த்தேன், வேறு ஏதோ ஸ்கூல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கோபமாகத்தான் போனேன், அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. அவரே சொன்னார். "வண்டி எங்க ஓனரோடதும்மா, அந்த ஆப்காரங்களோடது இல்ல. ரெண்டு மாசமா ஓனருக்குக் காசு வரல, டீசலுக்கே கைக்காசு போட்டோம். அதோட இது கான்ட்ராக்ட் கேரேஜ் பர்மிட்டு. ஒரு ஆபீஸ் மொத்தமா பேசி எடுத்தா ஓட்டலாம், பஸ் மாதிரி ஸ்டாப் ஸ்டாப்பா ஆள் ஏத்தி இறக்குனா ஆர்டிஓ புடிப்பாங்க. அதான் ஓனர் நிறுத்திட்டாரு." ஆக, என்னிடம் 11,400 வாங்கும்போதே வேன்காரருக்குப் பாக்கி இருந்திருக்கிறது. அது தெரிந்தேதான் 31ஆம் தேதியோடு ஆஃபர் முடிகிறது என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதுதான் கை நடுங்குகிறது.

இன்றைக்குக் காலையில் ஆப்பில் போட்டிருந்த முகவரிக்கே நேரில் போனேன். பெருங்குடியில் ஒரு பெரிய கட்டடம், மாடியில் பல கம்பெனிகள் டேபிள் வாடகைக்கு எடுக்கிற இடம். வாட்ச்மேன் ரெஜிஸ்டரில் பெயர், நேரம் எல்லாம் எழுத வைத்து, கம்பெனி பெயரைப் பார்த்ததும், "அவங்களா? காலி பண்ணிட்டாங்களேம்மா, நேத்துகூட ரெண்டு பேர் வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க" என்றார். ரெஜிஸ்டரில் எனக்கு மேலே அதே கம்பெனி பெயர், ஐந்தாறு வரியில் வேறு வேறு கையெழுத்தில். ரிசப்ஷனில் இருந்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மெயில் அனுப்புங்கள் என்றான். திரும்பி வந்துவிட்டேன்.

என்ன செய்யலாம் என்று எழுதுவதாகச் சொன்னேன். தலை விண்விண் என்கிறது, தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

முதலில், இதை உடனே பாருங்கள். உங்கள் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும், கணக்கில் இருந்து தவணை தவணையாகத் தானாகவே பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதி எல்லாம் அதில்தான் இருக்கும். நான் ஒரு தடவைதான் பணம் கட்டினேன் என்று நினைத்திருந்தேன், அங்கே போய்ப் பார்த்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 11,400 என்று உயிரோடு இருக்கிறது! 15,000 வரைக்கும் ஆட்டோபேயில் ஒவ்வொரு முறையும் பின் கேட்காது, ஒரு நாள் முன்னால் மெசேஜ் மட்டும் வரும், அதை யார் கவனிக்கிறார்கள்? நான் ரத்து செய்துவிட்டேன். நீங்களும் செய்யுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ரூட் மறைவதற்கு முன்பே எடுத்து வையுங்கள், என்னிடம் அந்த நீலப் புள்ளியின் படம் இல்லை.

வேனில் போயே ஆக வேண்டும் என்றால் மாதா மாதம் கட்டுங்கள், அல்லது அன்றன்றைக்குக் கட்டுங்கள். கிரெடிட் கார்டு இருந்தால் அதில் கட்டுங்கள், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் டிஸ்ப்யூட் போட வழி இருக்கிறது. வண்டி யாருடையது, என்ன பர்மிட் என்று டிரைவரிடம் கேளுங்கள், அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். இன்றோடு ஆஃபர் முடிகிறது என்று யாராவது போனில் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

தாம்பரம்–சிறுசேரி ரூட்டில் என்னோடு வந்தவர்கள், அந்த ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம். திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன், செங்கல்பட்டுக்குப் போகிறேன்.