மூன்று நாளில் நிரந்தரப் பல் என்று நம்பி 2,10,000 ரூபாயை இழந்தோம். பெற்றோருக்குப் பல் கட்டப் போகிறவர்கள் படியுங்கள்

இன்று காலை ஆறரை மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது. கணக்கிலிருந்து 6,250 ரூபாய் பிடித்தாயிற்று. மூன்றாவது தவணை. இன்னும் 21 தவணை பாக்கி. எந்தப் பல்லுக்காக இந்தப் பணம் போகிறதோ, அந்தப் பல் அம்மாவின் வாயில் இல்லை. பல்லைத் தாங்குவதற்காகத் தாடை எலும்பில் வைத்த ஆறு திருகில் (இம்ப்ளான்ட் என்பார்கள்) நான்கு, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் எங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று ஒரு வாரம் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 64 வயது. பன்னிரண்டு வருடமாகச் சுகர். கீழ்த்தாடையில் ஒரு பல்கூடக் கிடையாது. 2016-இல் எங்கள் தெருமுனையில் இருக்கும் பல் டாக்டர் செய்துகொடுத்த கழற்றி மாட்டும் பல்செட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். முதல் நான்கைந்து வருடம் நன்றாக இருந்தது. அப்புறம் லூசாகிவிட்டது. பேசும்போது தூக்கிக்கொள்ளும், தும்மினால் வெளியே வந்துவிடும். மேலே போடும் செட் அண்ணத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், கீழ்செட்டுக்கு அந்தப் பிடிமானம் இல்லை, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அம்மா வெளியே எங்கே போனாலும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். ஆவணியில் என் அண்ணன் மகள் கல்யாணம். அதற்குள் அம்மாவுக்கு நல்ல பல் கட்டிவிட வேண்டும் என்பது என் ஆசை. அம்மா கேட்கவே இல்லை, நான்தான் பிடிவாதமாக இருந்தேன்.

முதலில் பழைய டாக்டரிடமே போனோம். அவர் வாயைப் பார்த்துவிட்டு, "பல் இல்லாத இடத்தில் எலும்பு வருஷா வருஷம் கரைஞ்சுக்கிட்டே போகும்மா. அதான் செட் லூசாகுது. இப்போ எலும்பு ரொம்பத் தேஞ்சிருக்கு. புது செட் செய்யலாம். இல்லைன்னா முன்பக்கம் ரெண்டே ரெண்டு இம்ப்ளான்ட் போட்டு, அதுமேல செட்டை பட்டன் மாதிரி மாட்டிக்கலாம், ஆடாது. ஆனா மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. அது இறங்கின பிறகுதான் கைவைப்பேன்" என்றார். புது செட் என்றால் 15,000, இரண்டு இம்ப்ளான்ட்டோடு சேர்த்து என்றால் 80,000 வரை ஆகும் என்றார். சுகர் இறங்கவே மூன்று மாதம், அதற்குப் பிறகு இம்ப்ளான்ட் எலும்போடு சேர மூன்று நான்கு மாதம். கல்யாணத்துக்குள் முடியாது. நான் அவரை நம்பாமல் எழுந்து வந்தேன். அவருடைய பழைய நாற்காலியும் பெயின்ட் உரிந்த சுவரும் அன்று என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தன. அதை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

அந்த வாரமே ஃபோனில் ஒரு விளம்பரம். மூன்றே நாளில் நிரந்தரப் பல், வலி இல்லை, வட்டி இல்லாத் தவணை. பல ஊர்களில் கிளை இருக்கும் பெரிய பல் கிளினிக். எண்ணைப் பதிந்த பத்தாவது நிமிடம் அழைப்பு வந்துவிட்டது.

போனோம். ஏசி, கண்ணாடிக் கதவு, அம்மாவுக்குப் பழச்சாறு. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஆலோசகர் என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். அம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "அம்மா, எங்க பாட்டிக்கும் இங்கதான் போட்டோம். இப்போ கரும்பு கடிக்கிறாங்க" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், வாயை மூடாமல். அந்த ஒரு நொடியில்தான் நாங்கள் விழுந்தோம். பணம் கைமாறியது அதற்குப் பிறகு, ஆனால் ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

ஓ.பி.ஜி. எக்ஸ்ரே ஒன்று எடுத்தார்கள். வந்த டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்தார். ஆறு இம்ப்ளான்ட், அதன்மேல் கழற்றவே வேண்டாத பல்வரிசை, மொத்தம் 2,10,000 ரூபாய். நான் பழைய டாக்டர் சொன்ன இரண்டு இம்ப்ளான்ட் யோசனையைச் சொன்னேன். "அது பழைய முறை மேடம், ராத்திரி கழற்றி டம்ளர்ல போடணும், அம்மாவுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்" என்றார் ஆலோசகர். டாக்டர் ஒன்றும் பேசவில்லை. சுகர் இருக்கிறதா என்று ஒரு படிவத்தில் கட்டம் இருந்தது, 'ஆம்' என்று டிக் செய்தோம். எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. சிகிச்சை அன்று காலை விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அம்மாவின் சீட்டுப் பணம் 60,000 ரொக்கமாகக் கட்டினேன். மீதி 1,50,000-க்குத் தவணை. ஆலோசகரே டேப்லெட்டில் எல்லாவற்றையும் நிரப்பினார். "ஓ.டி.பி. வரும், சொல்லுங்க மேடம்" என்றார். சொன்னேன். இன்னொன்று வந்தது, அதையும் சொன்னேன். அது கிளினிக்கின் தவணைத் திட்டம் என்று நினைத்தேன். உண்மையில் என் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுத்த கடன். வேலை தொடங்குவதற்கு முன்பே முழுத் தொகையும் கிளினிக் கணக்குக்குப் போய்விட்டது.

ஏப்ரல் கடைசியில் போட்டார்கள். சொன்னபடி மூன்றாம் நாள் பல் வந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். அம்மா கண்ணாடியைப் பார்த்து அழுதார். ஆனால் அன்றைக்கே கீழுதட்டின் வலது பக்கமும் தாடையும் மரத்துப் போயிருக்கிறது என்றார். கேட்டதற்கு, மரப்பு ஊசியின் வேகம், இரண்டு நாளில் சரியாகும் என்றார்கள். ஆகவில்லை. காபி குடித்தால் உதட்டோரம் வழிவதுகூட அம்மாவுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் பல்வரிசை ஆட ஆரம்பித்தது, ஈறில் சீழ். அதிலிருந்து தொடங்கியது அலைச்சல். முதலில் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்கள். அடுத்த முறை போனால், போட்ட டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவாராம். வியாழக்கிழமை போனால் அவர் வேறு கிளையில் இருக்கிறாராம். அதற்கடுத்த வியாழன் வேறொரு டாக்டர் வந்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். கரும்பு கதை சொன்ன பெண் எங்களைப் பார்த்ததும் உள்ளறைக்குப் போய்விட்டார், அப்புறம் என் எண்ணையே எடுக்கவில்லை. ஏழாவது வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பல்வரிசை உடைந்து, ஒரு திருகு சாதத்தோடு தட்டில் விழுந்தது. இரண்டு நாளில் இன்னொன்று. அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

மேலாளரைப் பார்த்தேன். "அம்மா சுகரைக் கட்டுப்பாட்டில் வைக்கலை மேடம், நாங்க என்ன செய்ய முடியும்? நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று ஒப்புதல் படிவத்தை நீட்டினார். நான்கு பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம். திரும்பப் போட வேண்டும் என்றால் 45,000 ரூபாய், அதுவும் எங்களுக்காகச் சலுகை விலை என்றார். 2,10,000 ரூபாய் வாங்கியவர்கள் சொல்கிறார்கள் இதை! கடன் கொடுத்த நிறுவனத்துக்கு ஃபோன் செய்தால், பணம் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, சிகிச்சை விவகாரத்தை அவர்களிடமே பேசுங்கள், தவணை தவறினால் சிபில் மதிப்பெண் இறங்கும் என்று படித்துக் காட்டினார்கள்.

அதன் பிறகுதான் அம்மாவை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். அங்கே முதலில் கேட்டதே மூன்று மாத சராசரி சுகர். ஹெச்.பி.ஏ.1.சி. என்பது அந்த டெஸ்ட்தான். பார்த்தால் 9.4, ரொம்ப அதிகம். அப்புறம் சி.பி.சி.டி. ஸ்கேன். ஓ.பி.ஜி. என்பது தட்டையான படம், எலும்பின் உயரத்தை ஓரளவு காட்டும், அகலத்தைக் காட்டாது. சி.பி.சி.டி.தான் எலும்பு எத்தனை மில்லிமீட்டர் தடிமன், கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு எங்கே இருக்கிறது என்று முப்பரிமாணத்தில் காட்டுமாம். அம்மாவுக்கு எலும்பு தேய்ந்து போனதால் நரம்பு மேலேயே இருக்கிறது. வலது கடைசித் திருகு நேராக அதை அழுத்திக்கொண்டிருந்தது. அதையும் சீழ் பிடித்த இன்னொன்றையும் எடுத்தார்கள். உதட்டில் உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், மாதக் கணக்கில் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

முன்பக்கம் இரண்டு திருகு மட்டும் இன்னும் உறுதியாக இருக்கிறது. தாடையின் முன்பகுதியில் எலும்பு கெட்டியாக இருக்குமாம், அந்த நரம்பும் அங்கே வருவதில்லை. "இது ரெண்டும் நின்னுடுச்சுன்னா போதும்மா, இதுமேல பல்செட் மாட்டிக்கலாம், ஆடாது" என்றார் அந்த டாக்டர். 80,000 ரூபாயில் எங்கள் தெருமுனை டாக்டர் செய்கிறேன் என்று சொன்னது இதைத்தானே! வீட்டுக்கு வந்து இரவெல்லாம் தேடிப் படித்தேன். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் வைத்து மாட்டும் பல்செட்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-லேயே கனடாவின் மாண்ட்ரியலில் கூடிய நிபுணர்கள் அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் அதைத்தான் பழைய முறை என்றார்கள்.

இம்ப்ளான்ட்டே மோசம் என்று நான் சொல்லவில்லை. டைட்டானியம் எலும்போடு ஒன்றாகச் சேரும் என்று கண்டுபிடித்து, ஸ்வீடனில் டாக்டர் பிரோனமார்க் 1965-இல் முதல் நோயாளிக்குப் போட்டார். அதிலிருந்து எத்தனையோ பேருக்கு நன்றாக வேலை செய்கிறது. சில நாளில் பல் வைக்கும் முறையும் உண்மையில் இருக்கிறது. எலும்பு கெட்டியாக, உடம்பு ஒத்துழைக்கிற நிலையில் இருப்பவர்களுக்கு அது. என் அம்மாவுக்கு எது பொருந்தும் என்று பார்க்க வேண்டிய இடத்தில், எதை அதிக விலைக்கு விற்கலாம் என்று பார்த்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். ஹெச்.பி.ஏ.1.சி. கேட்காத இடத்தில், சி.பி.சி.டி. எடுக்காமல் இம்ப்ளான்ட் போடுகிற இடத்தில் உட்காராதீர்கள். எலும்பு மெலிந்து பலவீனமாவதற்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் முன்னாலேயே சொல்லுங்கள், தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது. போடப்போகிற டாக்டர் யார், அவர் தினமும் வருவாரா என்று கேளுங்கள். ஒவ்வொரு இம்ப்ளான்ட்டுக்கும் கம்பெனி பெயர், அளவு, எண் போட்ட ஸ்டிக்கர் வரும், அதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தரவில்லை, திருகு எந்தக் கம்பெனி என்று இன்றுவரை தெரியாது. முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு யாருக்கும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்து, இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். மேலாளர் நேற்று மறுபடி அழைத்து, புகாரைத் திரும்பப் பெற்றால் 45,000-ஐ 30,000 ஆகக் குறைக்கிறோம் என்றார். எனக்கு வேண்டியது 2,10,000 ரூபாயும். ரசீது, தவணைக் கணக்கு, ஸ்கேன் சி.டி., டப்பாவில் இருக்கும் நான்கு திருகு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கள்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். அம்மா நானும் வருகிறேன் என்கிறார்.