லாக்டெப்: முதல் வருஷமே போட்டிருக்கலாம்

பன்னிரண்டு வருஷமாக லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். லாக்டெப்பை ஒழுங்காகப் பயன்படுத்தியது போன மாதம்தான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இங்கோ மோல்னார் எழுதி, 2006-இல் லினக்ஸின் 2.6.18 கெர்னலோடு (அதன் மையப் பகுதி) வந்த கருவி. ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடாமல் காக்க நிரலில் பூட்டுகள் போடுவோம்; அவை ஒன்றுக்கொன்று காத்துக்கிடந்து உறைந்துபோக வழி உண்டா என்று இது பார்க்கும். காசு கிடையாது. கான்ஃபிக்கில் 'புரூவ் லாக்கிங்' ஆன் செய்து கெர்னலை மறுபடி பில்ட் செய்தால் போதும்.

என் தலைவலி ஒரு டச் ஸ்கிரீன் டிரைவர். அதன் மாட்யூலை (ஓடும் கெர்னலில் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற நிரல் துண்டு) கழற்றும்போது எப்போதாவது ஒருமுறை அப்படியே உறைந்துவிடும். 120 விநாடி கழித்து 'டாஸ்க் பிளாக்டு' என்று ஒரு செய்தி, அவ்வளவுதான். இடையில் பிரிண்ட் போட்டால் நேரக்கணக்கு மாறி, கோளாறே ஒளிந்துகொள்ளும். மூன்று நாள் போனது.

லாக்டெப் போட்ட கெர்னலில் முதல் தடவை கழற்றியபோதே, எதுவும் உறையாமலே, 'பாசிபிள் சர்க்குலர் லாக்கிங் டிபெண்டன்சி' என்று கத்தியது. பார்த்தால், ரிமூவ் ஃபங்ஷனில் மியூட்டெக்ஸ் என்ற பூட்டைப் பிடித்துக்கொண்டே, பின்னணி வேலையை ரத்து செய்யும் 'கேன்சல் ஒர்க் சிங்க்' அழைத்திருக்கிறேன். அது கால்பேக், அதாவது அந்தப் பின்னணி வேலையின் ஃபங்ஷன், முடியும்வரை காத்திருக்கும். கால்பேக்கோ அதே மியூட்டெக்ஸுக்காக நிற்கும். இரண்டும் நிஜமாக மோத வேண்டியதில்லை; தனித்தனியாக ஒருமுறை ஓடினாலே லாக்டெப் முடிச்சுப் போட்டுப் பார்த்துவிடுகிறது. பூட்டுக்குள் 'நிறுத்து' என்று ஒரு ஃபிளாக் மட்டும் வைத்து, பூட்டை விட்ட பிறகு கேன்சல் செய்தேன். சரியாகிவிட்டது.

குறைகளும் உண்டு. முதல் புகாரோடு வாயை மூடிக்கொள்ளும். அடுத்ததைக் கேட்க ரீபூட் செய்ய வேண்டும். ஒரே வரியில் இனிஷியலைஸ் ஆகும் பூட்டுகளெல்லாம் அதற்கு ஒரே வகை, அதனால் இரண்டு போர்ட்டின் பூட்டுகளை அடுத்தடுத்துப் பிடித்தால் வீண் கூச்சல். வேகமும் குறையும், திரையில் விரலை இழுத்தால் கோடு கொஞ்சம் தாமதித்துத்தான் வருகிறது. ஓடாத பாதையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது என்பதால் எரர் பாதைகளை நாமே கிளறிவிட வேண்டும். இன்னொன்று: 2018-இல் வந்த ஒரு மாற்றத்தால் கேன்சலுக்கு மட்டும் இந்தச் சோதனை விடுபட்டு, 2022-இல்தான் திரும்பச் சேர்ந்தது. பழைய கெர்னலில் அது சும்மா இருந்தால் நம்பாதீர்கள்.

ஐந்துக்கு நாலு. அப்புறம் எங்கள் ஆடியோ டிரைவரிலும் போட்டுப் பார்த்தேன், ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அதுவும் நான் எழுதியதுதான்.